தோற்க விடாத மகனுக்கு

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "என் படத்தையே கெடுத்துட்டீங்களேப்பா, ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாய். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுக்கொள், ஆனால் கேள்வி கேட்டவன் நீ என்பதால் பதிலைப் படித்துவிட்டுக் கிழி.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? கொடைக்கானல் மைதானத்தில் உன் படத்தின் விளம்பரத்துக்காக நீ நடத்திய குஸ்தியில் நான் முத்துப்பாண்டியை ஜெயிக்கவில்லை, அவன்தான் எனக்கு விட்டுக்கொடுத்தான் என்று சொன்னேன். திண்டுக்கல்லில் அவன் குஸ்தி பழகுகிற கூடத்தில், அவனோடு பழகுகிற பிள்ளைகள் முன்னால் சொன்னேன். எவனோ அதைப் போனில் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டானாம். அனுப்பட்டும். என் கை தூக்கியிருக்கிற படத்தை நீ வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சுவரில் ஒட்டினாயே, அப்போது என்னிடம் கேட்டுக்கொண்டா ஒட்டினாய்?

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலில் இருந்தே சொல்கிறேன். நீ படமாக எடுத்த கதையில் நான் யாரென்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. நம் ஊர் பூம்பாறையில் பூண்டு எடுத்து முடித்தபின் அடுத்த விதைப்பு வரைக்கும் கிடைக்கிற மாதங்களில்தான் நான் மலையை விட்டு இறங்குவேன். மதுரை, திண்டுக்கல், சேலம், ஈரோடு என்று எங்கே பொருட்காட்சி போட்டாலும் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குஸ்தி மேடை இருந்த காலம் அது. ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பார்கள். நோட்டீஸில் என் பெயர் கொடைக்கானல் காட்டெருமை. குழுவை நடத்திய அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொண்ட அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார். "ஏலே, ஒனக்கு மூஞ்சி முரட்டு மூஞ்சி. நீ அடிச்சா சனம் கொதிக்கும், நீ விழுந்தா சனம் கைதட்டும். அதனால நீ விழு. அதுதான் ஒன் சோலி." எந்த ஊரிலும் நான் ஜெயித்ததில்லை. விழுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் நீ கொடைக்கானலில் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படித்தாய்.

விழுவது சுலபமான வேலை என்று நினைக்காதே. தூக்க வருகிறவனுக்கு எதிராக இறுகி நின்றால் அவனால் உன்னை அசைக்க முடியாது. குதிகாலைத் தரையிலிருந்து எடுத்து, மூச்சை வெளியே விட்டு, இடுப்பைத் தளர்த்தி, அவன் இழுக்கிற பக்கமே நீயும் எழும்ப வேண்டும். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவன் தூக்கினான். உண்மையில் நீதான் ஏறிக்கொண்டாய். உடம்பு கொடுக்கிறது என்று எங்களுக்குள் சொல்வோம். உடம்பு கொடுத்தவனைப் பதமாக இறக்கி விடுவது தூக்கினவன் பொறுப்பு. இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். ஈரோட்டில் ஒரு தடவை அண்ணாச்சி, புதிதாக வந்த பையனிடம் விழச் சொல்லிவிட்டு, எதிரே நின்ற ஆளிடம் சொல்ல மறந்துவிட்டார். அந்த ஆள் நிஜப் போட்டி என்று நினைத்து முழுப் பலத்தையும் கொடுத்துத் தூக்கினான். எதிர்ப்பே இல்லாத உடம்பு அல்லவா, விசிறிக்கொண்டு போய் மேடை விளிம்பில் விழுந்தது. அதன்பிறகு அந்தப் பையனால் வலது கையால் சோறு அள்ளித் தின்ன முடியவில்லை. அன்றிலிருந்து மேடைக்குப் பின்னால் ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்து, இன்றைக்கு யார் விழுவது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்ட பிறகுதான் மேலே ஏறுவோம். இதையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். படத்தில் காணோமே என்று கேட்டபோது, "அந்த சீன் ஸ்லோவா இருந்துச்சுப்பா, கட் பண்ணிட்டோம்" என்றாய்.

தொழில் ரகசியத்தைப் பெண்டாட்டியிடம் கூடச் சொல்லக் கூடாது என்பது அண்ணாச்சியின் கண்டிப்பு. நானும் சொல்லவில்லை. உன் அம்மா நான் நிஜமாகவே தோற்றுத் தோற்று வருவதாக நம்பினாள். வீட்டுக்கு வந்து படுத்தால் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்பாள். சறுக்குவதே பிழைப்பாக இருக்கிற ஆனையை அவள் எங்கே கண்டாள். ஒரே ஒரு தடவை இந்த மனுசன் ஜெயித்து வரவேண்டும் என்று நம் ஊர் முருகன் குழந்தை வேலப்பருக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். ஒவ்வொரு தடவை நான் பை தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போதும் அவளுக்கு அந்த வேண்டுதல்தான். எனக்குச் சிரிப்பாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அப்படிக் கட்டிக் காத்த வாயை உன்னிடம்தான் திறந்தேன். நீ அப்போது சின்னப் பிள்ளை. திண்டுக்கல் பொருட்காட்சிக்குப் போய் வந்த எவனோ உன் வகுப்பில் வந்து, உங்க அப்பாவை மேடையில் போட்டு மிதித்தார்கள் என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். நீ லீவுக்கு வீட்டுக்கு வந்தவன் சோறு திங்கவில்லை. திரும்பப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உன் அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போய், காயப்போட்டிருந்த பூண்டுத் தாள் குவியல் மேலே நின்று, "அப்பா தோக்கல தம்பி, வேணும்னேதான் விழுறேன்" என்று சொல்லி, எப்படி விழுவது என்று விழுந்து காட்டினேன். நீயும் விழுந்து பார்த்தாய். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாய். யாரிடமும் சொல்லக் கூடாது என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். நீ சொல்லவில்லைதான். பெரியவனாகிப் படமாக எடுத்துவிட்டாய்.

கோபத்தில் நியாயத்தை மறக்கக் கூடாது. உன் படத்தில் குறை இல்லை. உன் கதாநாயகன், எனக்கு வராத அழுகையெல்லாம் எனக்காக அழுதான். கடைசியில் அவன் மார்வலியோடு மேடையேறி ஒரு இளவட்டத்தைத் தூக்கிப் போட்டு ஜெயித்தபோது வத்தலக்குண்டு தியேட்டரில் விசில் பறந்தது. பக்கத்தில் இருந்த உன் அம்மா மட்டும் அசையவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், மலை ஏறத் தொடங்கி வெகுதூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அந்தப் படத்துல வர்றது நெசமா? எல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு விழுறதுதானா?"

"ஆமா."

"அவனுக்குச் சின்ன வயசுலயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இத்தன வருசமா நான் யாருக்குங்க ஆறுதல் சொன்னேன்?"

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொடைக்கானலில் இறங்கி அடுத்த பஸ் மாறினோம். வழியில் காட்டெருமைக் கூட்டம் ரோட்டை மறித்து நின்று வண்டி நின்றபோது, "இந்தா நிக்கிதுல்ல, இதுக பொய் சொல்லாதுக" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் சோறு மட்டும் வைத்தாள், பேச்சு இல்லை.

ஊரில் என் நிலைமை அதைவிட மோசம். அதுவரைக்கும் நான் பூம்பாறையில் தோற்றுப்போன பயில்வான். அந்தப் பெயரோடு நான் சமாதானமாக இருந்தேன். சண்டைக்குப் போனவன் தோற்பதில் கேவலம் இல்லை என்று ஜனங்களுக்கும் தெரியும். உன் படம் வந்த பிறகு பூண்டு மூட்டை ஏற்றுகிற இடத்தில் ஒருத்தன் கேட்கிறான், "ஏண்ணே, அப்ப நீங்க தோத்ததும் டூப்புத்தானா?" என்று. எல்லாரும் சிரிக்கிறார்கள். என்னோடு ஒரே வரப்பில் வேலை செய்தவன், "நாங்க அம்புட்டுப் பேரும் டிக்கெட் எடுத்து ஏமாந்துருக்கோம்டா" என்றான். ஜெயித்தவன் என்ற பேர் எனக்கு எப்போதுமே கிடையாது. தோற்றவன் என்று இருந்த பேரையும் நீ பிடுங்கிக்கொண்டாய். இதை உன்னிடம் போனில் சொன்னேன். நீ மனம் வருந்தினாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த வாரமே அந்த யோசனையோடு வந்தாய். சீசன் சமயம், கொடைக்கானலில் கூட்டம் நிறைய இருக்கும், மைதானத்தில் மேடை போட்டு நிஜமான குஸ்தி ஒன்று வைக்கலாம், திண்டுக்கல்லில் முத்துப்பாண்டி என்று ஒரு நல்ல பயில்வான் இருக்கிறான், அவனோடு நீங்கள் மோதுங்கள் என்றாய். "நிஜமாவா?" என்று நான் கேட்டேன். "சத்தியமா நிஜம்ப்பா, ரூல்ஸ் படி" என்றாய். உன் அம்மா குறுக்கே வந்து, "பேரன் எடுக்குற வயசுல இவரு எலும்ப எண்ணிப் பாக்கணுமா? போயி வேற சோலி இருந்தா பாரு" என்று உன்னைத் திட்டினாள். நான்தான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் தெரியுமா? நீ இதுவரைக்கும் கேட்கவே இல்லை. ஜெயிப்பேன் என்ற நப்பாசை எனக்கு ஒரு துளி கூடக் கிடையாது. இருபது வயசுப் பையனிடம் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் எங்கே ஜெயிப்பது? ஒரே ஒரு தடவை, என் பலம் அத்தனையும் போட்டு, நிஜமாகத் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்க்க, உன் அம்மா பார்க்க, பொய் இல்லாமல் முதுகு தரையில் பட வேண்டும். அதன்பிறகு எவனாவது டூப்பு என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்றிருந்தது எனக்கு.

அதற்காக நான் பட்ட பாட்டை நீ சென்னையில் இருந்ததால் பார்க்கவில்லை. வெள்ளனே எழுந்து பனி கொட்டுகிற நேரத்தில் படிக்கட்டு வயல்களில் கீழிருந்து மேலே ஓடினேன். பூண்டு மூட்டையைத் தோளில் போட்டு உட்கார்ந்து எழுந்தேன். ஊர்ப் பிள்ளைகள் போகிற வருகிற பாதையில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். உன் அம்மா முதலில் முறைத்தாள். பிறகு ஒருநாள் கேட்காமலே ஒரு செம்பில் முட்டையும் பாலும் கலந்து கொண்டுவந்து நீட்டினாள். "இதாவது நெசமா?" என்று கேட்டாள். "நெசந்தான்" என்றேன். அவளுடைய பழைய வேண்டுதல் திரும்ப உயிர் பெற்றது. நான் தோற்கத்தான் போகிறேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அன்றைக்கு மைதானத்தில் நல்ல கூட்டம். பூம்பாறையிலிருந்தும் பூண்டியிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். வில்பட்டியில் இருந்து ஓட்டல் வேலைக்கு வருகிற பையன்கள் மரத்தின் மேல் ஏறி இருந்தார்கள். உன் கேமராக்கள் நாலா பக்கமும் நின்றன. உன் அம்மா பட்டுச்சேலை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் நான் முத்துப்பாண்டியிடம் போய், "தம்பி, பாவம் பாக்காத, கெழவன்னு நெனைக்காம மோது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெரியவருக்குப் பிள்ளை மரியாதை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். விழப்போகிறவன் மேடைக்குப் பின்னால் எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்தக் காட்சியைத்தான் நீ வெட்டிவிட்டாயே.

கழுத்தைக் கட்டிப் பிடித்தோம். முதலில் அவன் நன்றாகத்தான் நின்றான். என் மூச்சு வாங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம்தான், நம்மைக் கவிழ்த்துவிடுவான் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். கவிழ்வதற்கு முன்னால் என் கையில் இருக்கிற கடைசிப் பலத்தையும் காட்டிவிடலாம் என்று அவன் இடுப்பைக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுசாகக் கொடுத்துத் தூக்கினேன். அவன் குதிகால் எழும்பியது. மூச்சை வெளியே விட்டான். இடுப்பு தளர்ந்தது. வாழ்நாள் முழுக்க நான் பிறருக்குக் கொடுத்த உடம்பு, எனக்கு ஒருத்தன் கொடுத்தால் தெரியாதா? அவன் ஏறிவிட்டான், நான் தூக்கிவிட்டேன், எல்லாம் ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிட்டது. காற்றில் போகும்போதே அவனை இழுத்துப் பிடிக்கப் பார்த்தேன். கிழவன் கையில் அதற்குப் பலம் ஏது? அவன் தோள் முதலில் பலகையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஜனங்களின் கூச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

என் கையைத் தூக்கினார்கள். நீ மேடைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய், கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து அழுதாய். உன் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு "வேலப்பா, வேலப்பா" என்று கதறினாள். முத்துப்பாண்டியை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். அவன் போகிறபோது உன்னைத் திரும்பிப் பார்த்து, சரியா என்று கேட்பதுபோலத் தலையை ஆட்டினான். எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது.

உன்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். நீ சிரித்தாய். "உங்களுக்காகத்தான்ப்பா. வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் நீங்க ஜெயிக்கணும், அம்மா பாக்கணும். உங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டீங்கன்னு சொல்லல" என்றாய். "அந்தப் பையனுக்கு என்னடா ஆச்சு?" என்றேன். "சின்ன அடிதான், கம்பெனில பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு, யாரோ பேட்டிக்குக் கூப்பிட்டார்கள் என்று ஓடினாய். சாயங்காலம் சொல்லிக்கொள்ளாமலேயே சென்னைக்கு வண்டி ஏறிவிட்டாய். உனக்குச் சோலி இருந்திருக்கும்.

மறுவாரம் உன் அம்மா ஊர்வலமாகப் பால்குடம் எடுத்தாள். தெருவெல்லாம் பெண்கள் குலவை போட்டார்கள். வீடு வீடாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். மூட்டை ஏற்றுகிற இடத்தில் என்னைக் கேலி செய்தவன் எழுந்து நின்று, "உக்காருங்கண்ணே" என்றான். வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. உன் அம்மா சமைக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள் மகனே. அந்தப் பாட்டை நிறுத்த எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? ஆனால் திண்டுக்கல்லில் இருந்து பூண்டு வாங்க வந்த வியாபாரி ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார், அந்தப் பையனுக்குத் தோள் எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள், மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான், இனி இந்த வருஷம் முடியாது, கூடத்தில் எல்லாரும் அவனைக் "கெழவன்கிட்ட அடிவாங்குனவன்" என்று கூப்பிடுகிறார்கள் என்று. அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சோறு திங்காமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுததெல்லாம் ஞாபகம் வந்தது. அவனையும் ஒரு வீட்டில் யாரோ சோறு தின்னச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள் இல்லையா?

உன் அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் களை எடுப்பதை நிறுத்தவில்லை. பாத்தி முடிகிற வரைக்கும் எடுத்தாள். பிறகு கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டாள்.

"தோத்ததும் பொய்யி, செயிச்சதும் பொய்யி. நான் இப்ப சாமிகிட்டப் போயி பாலத் திருப்பிக் கேக்கவா?"

களையை வரப்போரம் ஒதுக்கிப் போட்டுவிட்டு அவளே திரும்பவும் கேட்டாள்.

"அந்தப் பையன் நல்லாருக்கானா?"

"இல்ல. தோள் போச்சு. அவனப் போயிப் பாக்கணும். கூடத்துல எல்லாரும் இருக்கயில உண்மையச் சொல்லணும். சொன்னா ஊருக்கும் தெரிஞ்சுபோகும், மறுபடி சிரிப்பாங்ய. ஒன்னையும் சேத்துத்தான் சிரிப்பாங்ய."

"சிரிச்சிட்டுப் போகட்டும். எந்திரிங்க, வெரசாப் போனா மத்தியான பஸ்ஸப் பிடிச்சிரலாம்" என்றாள். வீட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டில் நல்லதாக ஒரு பை எடுத்துக்கொண்டாள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதாம்.

அவன் வீட்டில் அம்மா மட்டும்தான். பூ கட்டுகிற பெண். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டது. திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. முத்துப்பாண்டி கையைக் கழுத்தோடு தொட்டில்போலக் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போயிருந்தான், பயிற்சி செய்ய முடியாது, சும்மா உட்கார்ந்து பார்க்கத்தான். அங்கே போனோம். பிள்ளைகள் எல்லாரும் மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்கள், அவன் ஓரத்தில் பலகையில் இருந்தான். நான் நடுவில் போய் நின்று சொன்னேன். "இவன் என்கிட்டத் தோக்கலப்பா. எனக்கு உடம்பு குடுத்தான். அது தெரியாம நான் தூக்கிட்டேன். இவனுக்கு அடிபட்டது என் மகன் சோலியால." சொல்லிவிட்டு அவனைக் கும்பிட்டேன். ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. இதைத்தான் நீ படத்தைக் கெடுத்துவிட்டேன் என்கிறாய்.

அவனுக்கு ஒரு சுமை இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். அவன் எழுந்து என்னை வெளியே கூட்டிவந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. "ஐயா, என்னங்கய்யா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றான். "அண்ணன் அடுத்த படத்துல எனக்கு வேசம் தர்றேன்னு சொல்லிருந்தாரு. வேணும்னே விழுந்தத வெளிய சொல்லாம இருந்தாத்தான்னு சொன்னாரு. நான் யாருகிட்டயும் சொல்லலைங்கய்யா, எங்க அம்மாகிட்டக் கூடச் சொல்லல. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. தோளு இப்படி ஆயிருச்சு, குஸ்தியும் இல்ல. அண்ணன் தருவாராங்கய்யா?"

நான் என்ன சொல்வேன்? அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை என்று ஒரு பிள்ளை என் முன்னால் நின்று சொல்கிறான். நீ கொடுப்பாய் என்று சொல்ல எனக்கு உன்மேல் நம்பிக்கை இல்லை. கொடுக்க மாட்டாய் என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. பெற்றவன் தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்ல முடியாமல் ரோட்டில் நின்றேன். உன்னைக் கை வலிக்கத் திட்டி எழுத நினைத்துத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், ஆனால் அந்த இடத்தில் நின்ற வெட்கத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை.

உன் அம்மாதான் பதில் சொன்னாள். பூண்டுப் பையை அவன் நல்ல கையில் கொடுத்து, "குடுப்பாம்ப்பா. எம் மகன் சொன்ன சொல்லு மாற மாட்டான், நீ மனசப் போட்டு அலட்டிக்காத" என்றாள். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "நெசமாத்தான் சொன்னியா?" என்று கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் எனக்கு எதத்தான் சொன்னீங்க?" என்றாள்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். நீ இங்கே வரவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஆனால் உன் அம்மா இதுவரைக்கும் யாரிடமும் ஒரு பொய் சொன்னதில்லை. திண்டுக்கல்லில் அந்தப் பையனிடம் அவள் சொன்னது பொய்யா, நிஜமா என்பது இனி நீ என்ன செய்கிறாய் என்பதில்தான் இருக்கிறது. என்னைத்தான் பொய்க்காரன் ஆக்கிவிட்டாய், போகட்டும். அவளையும் ஆக்கிவிடாதே.